பேரவையில் இல்லாத இரண்டு கதிரைகள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வணிகபீடத்து ஆள் எழுதினால் கணக்கில்தான் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எட்டுப் பீடங்கள் உள்ள ஒரு இலங்கைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பேரவையில் யார் யார் இருப்பார்கள்? 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி துணைவேந்தர் 1, பீடாதிபதிகள் 8, மூதவை தன்னுடைய உறுப்பினர்களிலிருந்து தெரிவுசெய்து அனுப்புகிறவர்கள் 2. இதுவரை 11. (பிரதித் துணைவேந்தர், வளாக முதல்வர் என்று யாராவது இருந்தால் ஒன்றிரண்டு கூடும்.) இந்த உள்ளாட்களை விட ஒருவர் கூடுதலாக, அதாவது 12 பேரை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிக்கும். கல்வி, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் போன்ற துறைகளில் பேர் பெற்றவர்கள் அவர்கள். ஆக மொத்தம் 23.

இந்த 23 பேரில் பரீட்சைக் கிளையில் வேலை செய்கிறவர் எத்தனை பேர்? ஆய்வுகூடத்தைப் பராமரிக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் எத்தனை பேர்? நூலக உதவியாளர், மின்னியலாளர், சாரதி, விடுதி ஊழியர்?

பூச்சியம். ஏதோ இந்த முறை தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் அவர்களுக்கென்று இடமே இல்லை.

இந்தப் பதிவு அந்தப் பூச்சியத்தைப் பற்றியது. அது பிழையானது, மாற்ற வேண்டியது, மாற்றுவதற்கு மாணவர்களாகிய நாங்களும் வாய் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசி வரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

பெயரிலேயே தொடங்குகிற பிரச்சினை

இவர்களை நாங்கள் எப்படி அழைக்கிறோம்? "கல்விசாரா ஊழியர்." இந்தச் சொல்லை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு மனிதர் என்ன செய்கிறார் என்று இது சொல்லவில்லை. என்ன செய்யவில்லை என்று சொல்கிறது. ஒரு கடையில் கணக்காளரை "விற்பனைசாரா ஊழியர்" என்று கூப்பிட்டால் சிரிப்போம். பல்கலைக்கழகத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை, பழகிவிட்டது.

அந்த ஒரு சொல்லுக்குள்தான் இரசாயன ஆய்வுகூடத்தில் எந்தப் போத்தலை எந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று தெரிந்தவர், பட்டச் சான்றிதழில் உங்கள் முதலெழுத்து சரியா என்று மூன்று தரம் பார்க்கிற முகாமைத்துவ உதவியாளர், மழைக்கு எந்தக் கட்டடம் ஒழுகும் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் பராமரிப்புப் பகுதி ஆள் எல்லோரும் அடக்கம். இவர்கள் கல்வியைச் சாராதவர்களாம்!

ஸ்பெயினில் இதே போல "நிர்வாக, சேவைப் பணியாளர்" என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023 இல் வந்த புதிய பல்கலைக்கழகச் சட்டத்தில் அதை "தொழில்நுட்ப, முகாமைத்துவ, நிர்வாக, சேவைப் பணியாளர்" என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனால் "தொழில்நுட்பம்", "முகாமைத்துவம்" என்ற சொற்கள் சட்டத்தில் ஏறினால், இவர்களுக்கு ஒரு அறிவு இருக்கிறது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிறது.

பேரவை என்ன செய்கிறது?

சில நண்பர்களுக்கு மூதவைக்கும் பேரவைக்கும் வித்தியாசம் தெரியாது. என் வாதம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூதவை கல்வி அதிகாரம். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம், ஆராய்ச்சி எல்லாம் அங்கே. பேரவை நிறைவேற்று அதிகாரம். பல்கலைக்கழகத்தின் சொத்தை வைத்திருப்பதும் நிர்வகிப்பதும், வருடாந்த நிதி மதிப்பீட்டைத் தயாரித்து ஆணைக்குழுவுக்கு அனுப்புவதும், கணக்குகளைப் பரிசீலிப்பதும், ஆட்களை வேலைக்கு எடுப்பதும், இடைநிறுத்துவதும், பதவி நீக்குவதும் பேரவை. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைப்பதும் அதே பேரவைதான்.

இப்போது மேலே உள்ள பட்டியலைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். கட்டடம், காசு, ஆளணி, ஒழுக்காற்று நடவடிக்கை. இதில் எது கல்விசாரா ஊழியரின் வாழ்க்கையைத் தொடாதது? ஒரு ஆய்வுகூட உதவியாளரை இடைநிறுத்துவது பற்றி முடிவெடுக்கிற சபையில், ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஒருவரும் இல்லை. ஒரு விரிவுரையாளரின் விசயம் வந்தால் அந்தச் சபையில் குறைந்தது பத்துப் பேருக்கு விரிவுரையாளரின் வேலை என்னவென்று அனுபவத்தில் தெரியும். இந்த வித்தியாசத்தைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

"மேன்முறையீடு செய்யலாமே, அதற்கென்று பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை இருக்கிறதே" என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல விசயம். ஆனால் மேன்முறையீடு என்பது முடிவு எடுத்த பிறகு செய்வது. தொழிற்சங்கம் கடிதம் எழுதுவதும் முடிவு எடுத்த பிறகு. வேலைநிறுத்தமும் முடிவு எடுத்த பிறகு. முடிவுக்கு முன்னர் இவர்கள் பேசக்கூடிய ஒரு இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஒரு இயந்திரத்தின் கதை

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். ஒரு துறைக்குப் பெரிய விலையில் ஒரு உபகரணம் வாங்கினார்கள். கேள்வி கோரல், விலை ஒப்பீடு, குழுவின் ஒப்புதல் எல்லாம் முறைப்படி நடந்தது. கோப்பில் ஒரு பிழையும் இல்லை. பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த அறைக்கு மும்முனை மின்சாரம் இல்லை என்று. கம்பி இழுக்க வேறு மதிப்பீடு, வேறு ஒப்புதல். அதற்குள் உத்தரவாதக் காலத்தில் பாதி போய்விட்டது.

அந்த அறைக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இது முதலே தெரியும். "சொல்லியிருக்கலாமே அண்ணா?" என்று கேட்டேன். "ஆரட்டைத் தம்பி சொல்லுறது?" என்றார்.

இது ஒரு கொள்கைப் பிரச்சினை மட்டும் இல்லை, காசுப் பிரச்சினையும்தான் என்பதற்காகச் சொன்னேன். நாங்கள் கணக்காய்வு பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். உண்மையான உள்ளகக் கட்டுப்பாடு அந்த அண்ணாவின் தலைக்குள் இருந்தது. அதை எடுத்து மேலே கொண்டுபோக வழி இருக்கவில்லை. பேரவையில் ஒரு தொழில்நுட்பப் பிரதிநிதி இருந்தால் ஒவ்வொரு பிளக் பொயின்ரையும் அவர் போய்ப் பார்ப்பார் என்று நான் சொல்லவில்லை. இப்படியான விசயங்களை ஊழியர்கள் யாரிடம் சொல்வது என்பதற்கு ஒரு விலாசமாவது இருக்கும்.

2024 எங்களுக்குக் காட்டியது

2024 மே 2 இல் நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் தொடர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள முரண்பாடும் கொடுப்பனவும்தான் காரணம். இரண்டு மாதங்களுக்கு மேல் போனது. நான் அப்போது முதலாம் வருடம். என்ன நடந்தது என்று என் வகுப்பு நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். விரிவுரையாளர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தோம், ஆனாலும் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. நூலகம் பூட்டு. பரீட்சைகள் தள்ளிப்போயின. ஒரு கடிதம் எடுக்க வழியில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பேரவையில் இரண்டு கதிரை இருந்திருந்தால் அந்த வேலைநிறுத்தம் நடந்திருக்காது என்று நான் சொன்னால் அது பொய். சம்பளம் பேரவையின் கையில் இல்லை. அது ஆணைக்குழுவின் சுற்றறிக்கை, திறைசேரி, அமைச்சரவை என்று கொழும்பில் தீர்மானமாகிற விசயம். ஆகவே "கதிரை கொடுத்தால் வேலைநிறுத்தம் நின்றுவிடும்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் அந்த இரண்டு மாதமும் வேறொரு விசயத்தை நிரூபித்தது. இவர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் ஒரு நாளும் ஓடாது. நிறுத்தினால் எல்லாம் நிற்கும் அளவுக்கு முக்கியமானவர்கள், ஓடும்போது ஒரு வார்த்தை கேட்கப்படும் அளவுக்கு முக்கியமானவர்கள் இல்லையா?

சொல்லப்படும் மறுப்புகள்

இதை நண்பர்களுடன் கதைத்தபோது வந்த மறுப்புகளையும் என் பதில்களையும் வரிசையாகத் தருகிறேன்.

1. "பதிவாளர் இருக்கிறாரே?"

இருக்கிறார், பேரவையின் செயலாளராக. அவர் நிர்வாகத்தின் ஆள். ஊழியரின் மீது குற்றப்பத்திரம் போகும்போது அதில் கையொப்பம் இடுகிற நாற்காலியில் இருப்பவரே அந்த ஊழியரின் பிரதிநிதியும் என்றால், கம்பனிச் செயலாளரைத் தொழிலாளர் பிரதிநிதி என்று சொல்வது போலாகும். அவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் யாரும் அவரைத் தெரிவுசெய்து அனுப்பவில்லை.

2. "தங்களுடைய நலனைத்தான் பேசுவார்கள். அக்கறை முரண்பாடு வரும்."

பீடாதிபதி தன்னுடைய பீடத்துக்குக் கட்டடம் கேட்டு வாக்களிக்கும்போது இந்த அக்கறை முரண்பாடு எங்கே போனது? அங்கே அதற்குப் பெயர் "பீடத்தின் தேவையை எடுத்துரைத்தல்". இங்கே மட்டும் "சுயநலம்". ஒருவருடைய தனிப்பட்ட விசயம் வந்தால் அவர் எழுந்து வெளியே போகட்டும். அந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

3. "பரீட்சைக் கிளையில போய் நிண்டா நிமிர்ந்தும் பாக்காயினம். உவைக்குப் பேரவையில கதிரையோ?"

என் வகுப்பில் அதிகம் கேட்ட மறுப்பு இது. கோபம் நியாயமானது, நானும் அந்தக் கவுண்டரில் நின்றிருக்கிறேன். ஆனால் இது என் பக்கத்து வாதம். இன்றைக்கு அந்தக் கிளையில் ஏன் தாமதம் என்று கேட்டால் பதில் சொல்லப் பெயருள்ள ஒருவர் இல்லை. ஆள் போதாதா, வெற்றிடம் நிரப்பப்படவில்லையா, மென்பொருள் பழுதா, அல்லது உண்மையாகவே அலட்சியமா? தெரிவான பிரதிநிதி ஒருவர் பேரவையில் இருந்தால் கேள்வி அவரிடம் போகும், அவரும் மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். உரிமை கொடுத்தால்தான் பொறுப்பையும் கேட்கலாம்.

4. "கல்வி விசயத்தில் இவர்கள் ஏன் வாக்களிக்க வேண்டும்?"

இதுதான் கனமான மறுப்பு. ஜேர்மனியில் இது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1960களின் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே பேராசிரியர், உதவியாளர், மாணவர், ஏனைய ஊழியர் என்று குழுக்களாகப் பிரித்து எல்லோருக்கும் சபையில் இடம் கொடுத்தார்கள். கீழ் சக்சனி மாநிலத்தின் சட்டம் வழக்குக்குப் போய் 1973 மே 29 இல் தீர்ப்பு வந்தது. ஆராய்ச்சி, கற்பித்தல் தொடர்பான முடிவுகளில் பேராசிரியர்களுக்குத் தீர்க்கமான செல்வாக்கு இருக்க வேண்டும், கல்விசாரா ஊழியர்களை வேறுபாடின்றி எல்லா முடிவிலும் சேர்க்கக்கூடாது என்றது நீதிமன்றம். அதே நேரம் குழுக்களாகப் பிரித்து இடம் கொடுக்கும் முறையே பிழை என்று சொல்லவில்லை.

நான் அந்தத் தீர்ப்பை ஏற்கிறேன். நல்லகாலம், எங்கள் சட்டம் ஏற்கனவே கல்வியை மூதவைக்கும் நிர்வாகத்தைப் பேரவைக்கும் பிரித்து வைத்திருக்கிறது. பாடத்திட்டத்தைப் பேராசிரியர்களே தீர்மானிக்கட்டும். நான் கேட்பது பேரவையில் மட்டும். அங்கே பேசப்படுவது கூரையும் கணக்கும் ஆளணியும். வெளியிலிருந்து வருகிற 12 பேருக்கு இருக்கிற தகுதி, முப்பது வருடம் உள்ளே இருந்தவருக்கு இல்லையா?

வெளியே என்ன நடக்கிறது?

"இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாது" என்பவர்களுக்காக இரண்டு உதாரணம்.

பிரான்ஸில் பல்கலைக்கழக நிர்வாகச் சபையில் பொறியியல், நிர்வாக, தொழில்நுட்ப, நூலக ஊழியர்களுக்குத் தெரிவுசெய்யப்பட்ட இடங்கள் உண்டு. 2007 ஆம் ஆண்டுச் சட்டம் சபையை 20 முதல் 30 பேராகச் சுருக்கி இவர்களுக்கு 2 அல்லது 3 இடம் வைத்தது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் சபையை 24 முதல் 36 வரை ஆக்கி இவர்களுக்கு 4 அல்லது 6 இடம் கொடுத்தது. மாணவர்களுக்கும் அதே 4 அல்லது 6. சபையைச் சுருக்க நினைத்த அரசாங்கம்கூட இவர்களை அடியோடு வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஸ்கொட்லாந்தில் 2016 இல் உயர்கல்வி ஆளுகைச் சட்டம் வந்தது. ஆளும் சபையில் முழு ஊழியர்களும் சேர்ந்து தெரிவுசெய்யும் 2 பேர், கல்வி ஊழியர்களிலிருந்து தொழிற்சங்கம் நியமிக்கும் 1, உதவி ஊழியர்களிலிருந்து தொழிற்சங்கம் நியமிக்கும் 1, மாணவர் சங்கம் நியமிக்கும் 2 என்று சட்டமே எழுதிவிட்டது. அந்தச் சட்டம் வரும்போது பல்கலைக்கழகத் தலைமைகளிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. பல்கலைக்கழகங்கள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வணிகத் துறைக்கு வருவோம். ஜேர்மனியில் 2000 பேருக்கு மேல் வேலை செய்கிற கம்பனியின் மேற்பார்வைச் சபையில் பாதி ஆசனம் ஊழியர் பக்கத்துக்கு. 1976 முதல் சட்டம். (இழுபறி வந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, அவர் வழமையாகப் பங்குதாரர் பக்கம்.) இலாபத்துக்காக நடத்துகிற கார்த் தொழிற்சாலையில் ஊழியருக்குப் பாதி. இலாப நோக்கமில்லாத, பொதுப் பணத்தில் நடக்கிற எங்கள் பல்கலைக்கழகத்தில் பூச்சியம். எட்வேர்ட் ஃப்ரீமன் 1984 இல் எழுதிய அக்கறைதாரர் கோட்பாட்டைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்த வினாத்தாளைப் பொதி செய்து ஒட்டுகிறவர்களை அக்கறைதாரர் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

நான் கேட்பது என்ன?

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகாமல் என் முன்மொழிவையும் வைக்கிறேன்.

- பேரவையில் இரண்டு ஆசனம். ஒன்று தொழில்நுட்ப, ஆய்வுகூட, பராமரிப்பு ஊழியருக்கு. மற்றது எழுதுவினைஞர் தரத்தினருக்கும் நூலக, விடுதி, போக்குவரத்து ஊழியருக்கும். ஒன்றாகப் போட்டால் எண்ணிக்கையில் கூடிய பக்கமே எப்போதும் வெல்லும்.
- இரகசிய வாக்கெடுப்பு. துணைவேந்தரும் நியமிக்கக்கூடாது, தொழிற்சங்கத் தலைமையும் நியமிக்கக்கூடாது. இந்த இடத்தில் ஸ்கொட்லாந்து முறையுடன் எனக்கு உடன்பாடில்லை. சங்கத்தில் இல்லாத ஊழியருக்கும் ஒரு வாக்கு வேண்டும்.
- நிர்வாகத் தர உத்தியோகத்தர்கள், அதாவது உதவிப் பதிவாளர் முதல் மேலே உள்ளவர்கள், இதில் போட்டியிடக்கூடாது. அவர்களுடைய குரல் ஏற்கனவே அந்த அறைக்குள் கேட்கிறது.
- முழு வாக்குரிமை. "அவதானிப்பாளர்" என்று ஒரு மூலையில் இருத்தித் தேநீர் கொடுக்கிற ஏற்பாடு வேண்டாம்.
- ஒப்பந்த அடிப்படையில் வெளிக் கம்பனி மூலம் வருகிற துப்புரவு, காவல் ஊழியர்கள் இந்த வாக்காளர் பட்டியலில் வர மாட்டார்கள். அது ஒரு ஓட்டைதான். குறைந்தது அவர்களுடைய ஒப்பந்தம் பேரவைக்கு வரும்போது அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் கடமையாவது இந்த இருவருக்கும் இருக்க வேண்டும்.

23 பேர் உள்ள சபை 25 ஆகும். அவ்வளவுதான். பெரும்பான்மை யாருக்கும் கைமாறாது. 25 இல் 2 வாக்கை வைத்துக்கொண்டு யாரும் பல்கலைக்கழகத்தைக் கைப்பற்ற முடியாது. கேள்வி கேட்கலாம், கேட்டது அறிக்கையில் பதிவாகும். இதற்கே பயப்படுகிறார்கள் என்றால் பயம் எதற்கு என்று நாங்கள் கேட்கத்தான் வேண்டும்.

இதற்குப் பாராளுமன்றம் 1978 சட்டத்தைத் திருத்த வேண்டும், ஒரு துணைவேந்தர் நினைத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. ஆனால் சட்டம் மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பெறுகை, பராமரிப்பு, விடுதி போன்ற விசயங்களைப் பார்க்கிற உட்குழுக்களுக்கு ஊழியர்களை அழைத்துக் கருத்துக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மாணவர்களுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: பீடச் சபையில் மாணவர் இரண்டு பேருக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது. நாங்கள் நான்கு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். முப்பது வருடம் இருக்கிறவருக்கு அதுகூட இல்லை. அடுத்த முறை மாணவர் ஒன்றியக் கூட்டத்தில் கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, வைஃபை, கன்ரீன் சாப்பாடு ஆகியவற்றுக்குக் கீழே இதையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி நான் கேட்கப்போகிறேன். கை தூக்க யார் வருகிறீர்கள்?

பி.கு: மாணவருக்குப் பேரவையில் ஆசனம் வேண்டாமா என்று கட்டாயம் யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். வேண்டும். அது தனிப் பதிவு, பரீட்சை முடிந்த பிறகு :-)